நேர்மையின்மைக் குற்றச்சாட்டில் 17(பி) குறிப்பாணை பெற்ற ஆசிரியர் செய்ய வேண்டியவை

தலைமை ஆசிரியர் அறைக்கு அழைக்கப்பட்டு, மூடிய உறையில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படும்போது ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வாங்க மறுக்கிறார்கள். சிலர் அன்றிரவே பதற்றத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி மறுநாள் காலை கொடுத்துவிடுகிறார்கள். வாங்க மறுப்பதால் நடவடிக்கை நிற்காது. பதிவுத் தபாலில் அனுப்பியோ வீட்டுக் கதவில் ஒட்டியோ அதைச் சார்வு செய்ததாக, அதாவது உங்களிடம் சேர்ப்பித்ததாகக் கோப்பில் எழுதிவிடுவார்கள், மறுத்ததும் தனியாகப் பதிவாகும். மன்னிப்புக் கடிதம் அதைவிடக் கேடானது. ‘இனி இவ்வாறு நடக்காது’ என்ற ஒரு வரியே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டு, விசாரணையே தேவையில்லை என்று முடிவு செய்யப் போதுமானதாகிவிடும். ஆகவே குறிப்பாணையை வாங்குங்கள், பெற்ற நாளையும் நேரத்தையும் குறித்து ஒப்பமிடுங்கள், அன்று வேறு எதையும் எழுதாதீர்கள்.

விசாரணை அலுவலராகவும், உடன் பணியாற்றியவர்களுக்கு உதவியாளராகவும் மேசையின் இரண்டு பக்கங்களிலும் அமர்ந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களை மனத்தில் வைத்தே எழுதினாலும், பெரும்பகுதி மற்ற அரசு ஊழியர்களுக்கும் பொருந்தும். பொய் சொன்னவர் தப்பிக்க வழி காட்டுவது என் நோக்கம் அன்று. வராத ஆசிரியர் வந்ததாகக் கையெழுத்திட்டால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் கவனக்குறைவாக நடந்த ஒன்று ‘மோசடி’ என்று எழுதப்பட்டு, அதற்குச் சரியாகப் பதில் எழுதத் தெரியாததாலேயே வேலை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நேர்மை குறித்த குற்றச்சாட்டு மற்றவற்றைப் போன்றதன்று. அது நிரூபணமானால் இருபது ஆண்டு நற்பணியும் தண்டனையைக் குறைக்க உதவுவது அரிது.

முதலில் எந்த விதியின் கீழ் குறிப்பாணை வந்திருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு குடிமுறைப் பணிகள் (ஒழுங்கும் மேல்முறையீடும்) விதிகளில் 17(ஏ) என்பது கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கானது; அங்கே உங்கள் விளக்கத்தைப் பெற்றுக்கொண்டு, சாட்சி விசாரணையின்றியே ஆணை பிறப்பிக்கலாம். 17(பி) என்பது பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பொதுவாக எதிர்கால அரசு வேலைக்கும் தடையாகும் பணியறவு ஆகியவை வரை செல்லக்கூடியது என்பதால் முறையான விசாரணை வேண்டும். அரசியலமைப்பின் 311(2) ஆவது பிரிவு, குற்றச்சாட்டைத் தெரிவித்து நியாயமான வாய்ப்பளித்து விசாரிக்காமல் அரசு ஊழியரைப் பணியறவு செய்யவோ நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று சொல்கிறது. 17(ஏ) என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. ஊதிய உயர்வைத் திரண்ட பயனுடன், அதாவது பின்வரும் ஊதியத்திலும் அந்த இழப்பு தொடரும்படி நிறுத்துவது ஓய்வூதியம் வரை தொடரும் இழப்பு என்பதால், அது பெரிய தண்டனையே, முறையான விசாரணையின்றி விதிக்கக் கூடாது என்று குல்வந்த் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தகைய ஆணை 17(ஏ)வின் கீழ் வந்தால் மேல்முறையீட்டில் எழுத வேண்டிய முதல் வாதம் இதுவாகவே இருக்கட்டும்.

குறிப்பாணைக்கு முன்போ பின்போ தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படலாம். 17(இ) விதியின் கீழ் வரும் அந்த ஆணை தண்டனை அன்று. அக்காலத்தில் முழு ஊதியத்துக்குப் பதிலாகப் பிழைப்பூதியம் உண்டு. வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதந்தோறும் கொடுத்தால்தான் அது வந்து சேரும். தங்கியிருக்கும்படி ஆணையில் குறிப்பிட்ட தலைமையிடத்தை அனுமதியின்றி விட்டுச் செல்லாதீர்கள், அதுவே இரண்டாவது குற்றச்சாட்டாக வரும். குற்றச்சாட்டுக் குறிப்பாணையே தராமல் மூன்று மாதங்களுக்கு மேல் தற்காலிகப் பணிநீக்கத்தை நீட்டிக்கக் கூடாது என்று அஜய் குமார் சௌத்ரி வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதைக் காட்டி, மீளப் பணியமர்த்தக் கோரி விண்ணப்பிக்கலாம்.

அடுத்து, குற்றச்சாட்டின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படியுங்கள். வழக்கமாக இணைப்புகளில் குற்றச்சாட்டு, அதற்கு ஆதாரமான விவரக் கூற்று, ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல் ஆகியவை இருக்கும். எந்த நாள், எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எவ்வளவு தொகை என்று சொல்லாமல் ‘அரசை ஏமாற்றும் நோக்கில் செயல்பட்டார்’ என்று மட்டும் இருந்தால், அந்தத் தெளிவின்மையைப் பதிலிலேயே எழுதி, விவரம் கேளுங்கள். தெளிவில்லாத குற்றச்சாட்டுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்ற நிலை. இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்காமல், எல்லாம் முடிந்த பிறகு உயர் நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொன்னால் மதிப்பிருக்காது.

வாசகத்தில் நீங்கள் தேட வேண்டியது ‘அறிந்தே’, ‘உள்நோக்கத்துடன்’, ‘பொய்யாக’, ‘ஆதாயம் பெறும் பொருட்டு’ போன்ற சொற்கள். இவைதான் கவனக்குறைவையும் நேர்மையின்மையையும் பிரிக்கும் கோடு. பெரும்பாலான குறிப்பாணைகள் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973இன் 20 ஆவது விதியை மேற்கோள் காட்டும். அந்த விதி முழுமையான நேர்மை, கடமையில் பற்று ஆகிய இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. இரண்டையும் மீறியதாக ஒரே வரியில் எழுதிவிடுவது அலுவலக வழக்கம். உங்கள் பதில் அவ்விரண்டையும் பிரித்தாக வேண்டும். திறமைக்குறைவோ தீர்மானத்தில் நேர்ந்த பிழையோ மட்டும் ஒழுங்கீனம் ஆகிவிடாது என்று ஜே. அஹமது வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் பயன்படுகிறது. அதே தீர்ப்பு, விளைவு கடுமையானதாக இருக்கும்போது அலட்சியமும் ஒழுங்கீனமாகலாம் என்பதற்கு இடம் வைத்திருப்பதையும் மறக்க வேண்டாம்.

பள்ளியில் இந்தக் கோடு எங்கே மங்குகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வழக்குகள் பிறப்பது இங்கேதான். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டத்துக்குப் பிற்பகலில் போகும் அவசரத்தில், வருகைப் பதிவேட்டில் இரண்டு வேளைக்கும் காலையிலேயே ஒப்பமிட்டுவிடுகிறார். பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வந்த அலுவலர் பார்ப்பது இன்னும் வராத பிற்பகலுக்கான கையெழுத்து. அது விதிமீறல், ஆனால் கூட்ட அழைப்பாணையும், வெளியே செல்லும்போது எழுதிவைக்கும் பதிவேட்டின் குறிப்பும், கூட்டத்தில் இட்ட கையெழுத்தும் இருந்தால் அது மோசடி அன்று. அந்த மூன்றில் ஒன்றும் இல்லாவிட்டால், உண்மையைச் சொன்னாலும் நம்பவைப்பது கடினம்.

மாணவர் எண்ணிக்கை இன்னொரு இடம். ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிடங்கள் கணக்கிடப்படுவதால், எண்ணிக்கை குறைந்தால் ஒருவர் உபரியாகிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போக நேரிடும். அதற்கு அஞ்சி, ஊரைவிட்டுப் போன பிள்ளைகளின் பெயரைப் பதிவேட்டில் நீட்டித்து வைப்பது நடக்கிறது. இது கவனக்குறைவு அன்று. அதன் அடிப்படையில் சத்துணவுப் பொருளும் விலையில்லாப் பொருள்களும் பெறப்பட்டிருந்தால் அரசுக்கு இழப்பும் சேர்ந்துவிடுகிறது. ஆனால் பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட பிள்ளையை, நீண்ட நாள் வராதோர் பட்டியலில் சேர்த்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்த குறிப்பும் எழுதிவைத்திருக்கும் ஆசிரியர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் தலைமை ஆசிரியரின் கடவுச்சொல்லைக் கொண்டு வேறொருவர் பதிவேற்றியதும் இப்படித்தான்: பதிவேற்றிய நாள், நேரம், எந்தப் பயனர் கணக்கிலிருந்து என்ற விவரத்தைக் கேட்டு வாங்காமல் ‘நான் செய்யவில்லை’ என்பதால் பயனில்லை. கடவுச்சொல்லைப் பகிர்ந்தது தனியே ஒரு குறை, அதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நல்லது.

பணம் பற்றிய குற்றச்சாட்டில் ஒரு தவறான நம்பிக்கை ஊறியிருக்கிறது: திருப்பிக் கட்டிவிட்டால் முடிந்தது என்பது. தேர்வுக் கட்டணமோ உதவித்தொகையோ சில வாரங்கள் கையில் இருந்து, பின்னர் செலுத்தப்பட்டிருந்தாலும், தற்காலிகக் கையாடலும் கையாடலே. கட்ட வேண்டியது இருந்தால் அலுவலக வழியாக, இரசீது பெற்று, எந்தத் தொகை எந்த நாளுக்குரியது என்று எழுதிக் கட்டுங்கள். கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள்.

பதில் எழுதுவதற்கு முன் ஆவணங்கள். குறிப்பாணையில் தந்த கெடு பெரும்பாலும் 15 நாள்களாக இருக்கும். அந்தக் கெடு முடியும் வரை காத்திராமல், முதல் இரண்டு நாளிலேயே, பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆவணத்தின் நகலையும், அதில் இல்லாத ஆனால் உங்களுக்குத் தேவையான பதிவேடுகளைப் பார்வையிடும் வாய்ப்பையும் கேட்டு எழுதுங்கள். எது எதற்காகத் தேவை என்று ஒரு வரி சேர்த்தால் மறுப்பது அதிகாரிக்குக் கடினம். நகல் தரும்வரை பதிலுக்கான கெடுவை நீட்டிக்கவும் அதிலேயே கோருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாக விண்ணப்பிப்பதும் பயன்தரும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது, ஏனெனில் விசாரணை அலுவலர் பார்ப்பது உங்கள் கோரிக்கைக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்பதைத்தான். ஒவ்வொரு கடிதத்துக்கும் அலுவலக முத்திரையுடன் பெறுகை ஒப்பம் வாங்குங்கள், தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நிகழ்ச்சி பத்து ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் காலதாமதத்தையும் எழுதுங்கள். தமிழ்நாடு வீட்டு வசதி வாரிய ஊழியர் பி.வி. மகாதேவன் வழக்கில், விளக்கமற்ற பத்தாண்டுத் தாமதத்துக்காகவே குற்றச்சாட்டுக் குறிப்பாணையை 2005இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

பதிலில் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக, மறுக்கிறேன் அல்லது இந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதுங்கள். நடந்ததை முழுமையாக மறுத்துவிட்டு, பதிவேடு எதிராக நிற்கும்போது சிக்கிக்கொள்வதுதான் நான் அதிகம் பார்த்த தோல்வி. முதல் தவறு சிறியதாகவும், அதை மறைக்கச் சொன்ன இரண்டாவது பொய் பெரியதாகவும் இருந்த கோப்புகள் நிறைய. பின்தேதியிட்ட அனுமதிக் கடிதம், சக ஆசிரியரிடம் கேட்டு வாங்கிய பொய்ச் சாட்சியம், புதிதாக எழுதிச் செருகிய பதிவேட்டுப் பக்கம் ஆகியவற்றில் ஒன்று பிடிபட்டால் அதுவரை இருந்த உங்கள் உண்மையும் போய்விடும். முன்கூட்டி ஒப்பமிட்டதை ஒப்புக்கொண்டு, ஏமாற்றும் எண்ணம் இருந்ததை மறுக்கலாம். ‘மேற்படி நாளில் பிற்பகலுக்கான ஒப்பத்தைக் காலையிலேயே இட்டது உண்மை, அது நடைமுறைக்குப் புறம்பானது என்பதை ஏற்கிறேன், எனினும் அன்று பிற்பகல் அலுவலகக் கூட்டத்தில் கலந்துகொண்டேன், எவ்வித ஆதாயமும் பெறவில்லை, நேர்மை தவறியதாகக் கூறப்படுவதை மறுக்கிறேன்’ என்பது போன்ற வாக்கியம் போதும். வாய்மொழி விசாரணை வேண்டும் என்று மறவாமல் கேளுங்கள். விதி உங்களிடம் அந்த விருப்பத்தைக் கேட்கிறது. வேண்டாம் என்றோ, ஒன்றும் எழுதாமலோ விட்டால் சாட்சிகளைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு கைநழுவிவிடும்.

விசாரணை நாளில் வழக்கறிஞரை அழைத்துச் செல்வதை உரிமையாகக் கோர முடியாது, அனுமதி பெற வேண்டும். ஆனால் பதிவேடுகளை அறிந்த ஒரு சக அரசு ஊழியரை உதவிக்கு வைத்துக்கொள்ள எழுத்தில் விண்ணப்பியுங்கள். விசாரணை அலுவலர் துறையின் சார்பாளர் அல்லர், நடுநிலையான தீர்ப்பாளர் என்று சரோஜ் குமார் சின்ஹா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. நடைமுறையில், கேள்விப் பட்டியல் ஒன்றை நீட்டி உங்களை மட்டும் கேட்டுவிட்டு விசாரணை முடிந்தது என்பவர்களும் உண்டு. அப்படி நேர்ந்தால் மரியாதையாக, ஆனால் விடாமல், துறைத் தரப்புச் சாட்சிகளை முதலில் விசாரிக்கும்படி எழுதிக் கொடுங்கள். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது துறையே. ஆவணத்தைக் கோப்பில் வைத்தால் மட்டும் போதாது, அதை அறிந்த ஒருவர் சாட்சியம் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்பதை 2008இல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காவல் துறையின் முதல் தகவல் அறிக்கை தனியாகச் சான்றாகாது என்பதும் அதில் உண்டு.

குறுக்கு விசாரணையில் சண்டையிட வேண்டாம். ஆய்வு செய்த அலுவலரிடம், எத்தனை மணிக்கு வந்தார், பதிவேட்டின் எந்தப் பக்கத்தைப் பார்த்தார், அங்கேயே குறிப்பெழுதினாரா, வேறு யார் உடனிருந்தார்கள், உங்களிடம் அன்று விளக்கம் கேட்டாரா என்று குறுகிய கேள்விகளாகக் கேளுங்கள். பதிலைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று படித்துப் பார்த்த பிறகே பக்கத்துக்குப் பக்கம் ஒப்பமிடுங்கள். எழுதாத பகுதி இருந்தால் ஒப்பத்துக்கு மேலேயே அதைக் குறிப்பிடுங்கள். இங்கே குற்றவியல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்ற அளவு போதும். அதனால்தான் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றவர்களும் துறை விசாரணையில் தண்டிக்கப்படுகிறார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், சிக்கலான சட்டப் பிரச்சினைகள் கொண்ட கடுமையான குற்ற வழக்கில் துறை விசாரணையைத் தள்ளிவைக்கக் கோரலாம் என்பது 1999ஆம் ஆண்டின் பால் ஆண்டனி தீர்ப்பின் சாரம். ஆனால் தள்ளிவைப்பது தானாகக் கிடைக்காது.

சான்றிதழ் வழக்குகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். மதிப்பெண் சான்றுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திடமும் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்திடமும் உண்மைத்தன்மைச் சான்று கேட்கப்பட்டு, ‘எங்கள் பதிவேட்டில் இல்லை’ என்று பதில் வந்தால் குறிப்பாணை பிறக்கிறது. அந்தப் பதிலில் பதிவெண், ஆண்டு, பெயர் எழுத்து ஆகியவை சரியாகக் குறிக்கப்பட்டு அனுப்பப்பட்டனவா என்பதை முதலில் பாருங்கள். ஒற்றை இலக்கப் பிழையால் வந்த மறுப்பும் உண்டு. நீங்களே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்து மறு சரிபார்ப்புக் கடிதம் பெறுங்கள். பணிக்குரிய பட்டத்துக்கு இணையானதாக ஏற்கப்படாத (இணைத்தன்மை இல்லாத) பட்டமும், முன் அனுமதி பெறாமல் படித்த பட்டமும் போலிப் பட்டம் ஆகா; மூன்றையும் ஒன்றாகக் கலந்து எழுதிய குறிப்பாணைக்கு அந்த வேறுபாட்டையே பதிலாக்குங்கள். உண்மையிலேயே போலி என்றால், நீண்ட காலப் பணியோ மாணவர் தேர்ச்சி விகிதமோ காப்பாற்றாது. பொய்யான சாதிச் சான்றின் மூலம் பெற்ற நியமனமே செல்லாதது என்பதால் 311ஆம் பிரிவின் பாதுகாப்பும் கிடைக்காது என்று விஸ்வநாத பிள்ளை வழக்கில் 2004இலும், அப்படிப் பெற்ற பயனைத் தக்கவைக்க முடியாது என்று பஹிரா வழக்கில் 2017இலும் உச்ச நீதிமன்றம் முடிவு செய்திருக்கிறது. நியமனத்தின்போது குற்ற வழக்கை மறைத்ததாகக் குற்றச்சாட்டு என்றால், 2016இன் அவதார் சிங் தீர்ப்பைப் படியுங்கள். படிவத்தில் கேட்கப்பட்டது என்ன, வழக்கு எவ்வளவு சிறியது, எந்த நிலையில் இருந்தது என்பவற்றை அதிகாரி எடைபோட வேண்டும் என்று அது சொல்கிறது.

விசாரணை அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால் அதன் நகலைத் தந்து, அதன் மீது உங்கள் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை ஆணை வர வேண்டும். 1990இன் ரம்ஜான் கான், 1993இன் கருணாகர் தீர்ப்புகள் இதை நிலைநாட்டின. இந்தக் கூடுதல் விளக்கத்தைச் சடங்காக எண்ணாமல், எந்தச் சாட்சி எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று பக்க எண்ணுடன் காட்டி எழுதுங்கள். அறிக்கை உங்களுக்குச் சாதகமாக இருந்து, தண்டனை அதிகாரி அதை ஏற்காவிட்டால், ஏற்காததற்கான காரணத்தை முன்னதாகத் தெரிவித்து உங்களைக் கேட்க வேண்டும் என்பது 1998இன் குஞ்ச் பிஹாரி மிஸ்ரா தீர்ப்பு. முந்தைய தண்டனைகளைக் காட்டித் தண்டனையைக் கூட்டுவதானால், அதையும் உங்களுக்கு முன்பே தெரிவித்திருக்க வேண்டும்.

தண்டனை ஆணை கிடைத்த நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். நேராக உயர் நீதிமன்றம் போக நினைப்பவர்கள், அங்கே சாட்சியத்தை மறுபடி எடைபோட மாட்டார்கள், நடைமுறை சரியா, சான்றே இல்லாத முடிவா, தண்டனை அளவு மீறியதா என்பவற்றைத்தான் பார்ப்பார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். உண்மைகளை முழுமையாக வாதிட மேல்முறையீடே கடைசி இடம். பணிநீக்கத்துக்கும் பணியறவுக்கும் உள்ள வேறுபாட்டையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்னது பொதுவாக எதிர்கால அரசு வேலைக்கும் தடை. 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவருக்கு இரண்டிலும் முந்தைய பணிக்காலம் பறிபோகும். தகுதியான நிலைகளில் ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாத கருணைப் படி கோரலாம், அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உதவி பெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு 311ஆம் பிரிவு இல்லை. அவர்களைக் காப்பது தனியார் பள்ளிகளுக்கான சட்டம். ஆகவே நிர்வாகம் பணிநீக்க ஆணை தந்தால், கல்வித் துறையின் முன் ஒப்புதல் பெறப்பட்டதா என்ற கேள்வியை முதல் நாளே எழுத்தில் எழுப்புங்கள்.

குற்றச்சாட்டு கைவிடப்பட்டாலும் வேலை முடியவில்லை. கைவிடப்பட்ட ஆணையின் நகலைப் பெற்று, பணிப் பதிவேட்டில் அது பதியப்பட்டிருக்கிறதா, தற்காலிகப் பணிநீக்கக் காலம் பணிக்காலமாக வரன்முறை செய்யப்பட்டிருக்கிறதா, நிலுவையில் இருந்த 17(பி) காரணமாகத் தள்ளிவைக்கப்பட்ட பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் மறுபடி பரிசீலிக்கப்பட்டதா என்று மூன்றையும் தனித்தனிக் கடிதங்களில் கேளுங்கள். ஒரே கடிதத்தில் கேட்டால் ஒரு பிரிவு அலுவலர் மட்டும் பதில் சொல்லி, மற்ற இரண்டும் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன.